அறுபத்திரண்டாம் நாள்

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
பாம்பனில் விசைப்படகுகள்
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.
அம்மோனியா வாடை விட்டுப்போன ஐஸ் கம்பெனி அறையில்
நாளைக்கு ஒரு பக்கம் எழுதினேன்,
பழைய பில்களின் முதுகில்.
'கட்டி ஐம்பது, பாக்கி நானூறு'
மறுபக்கத்திலிருந்து தலைகீழாகத் தெரிய
என் தம்பி எமரிட்டை எழுதினேன்.

அறுபத்திரண்டாம் நாள் கடல் திறந்தது.
டீசல் புகை, கூச்சல், கட்டி நொறுக்கும் மிஷின்.
பில் போட ஆள் வேண்டும் என்றார் முதலாளி.
அப்பாடா என்று எழுந்து போனேன்.
முடிந்தது என்று சொல்லி
அறுபத்தொரு பக்கத்தையும் அனுப்பினேன்.

நிராகரிப்பு எனக்குப் புதிதில்லை.
தங்கச்சிமடத்தில் காணாமல் போனவர்களுக்கெல்லாம்
மனு எழுதியவள் நான்.
எமரிட்டுக்கு மட்டும் பதினொன்று:
மீன்துறைக்கு, கலெக்டருக்கு,
பதவியில் இருக்கிறாரா என்றே தெரியாத ஓர் அமைச்சருக்கு.
'பரிசீலிக்கப்பட்டது' என்றால் என்னவென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பதிப்பகத்தார் எவ்வளவோ மேல்.
ஸ்டாம்பு ஒட்டச் சொல்வதில்லை.

ஒருவர் சோகம் கொஞ்சம் தூக்கல் என்றார்,
குழம்பில் உப்பைச் சொல்வதுபோல.
ஒருவர் நாவலாக்கித் தரச் சொன்னார்,
முடிவில் தம்பியைக் கரையேற்றி.
மதுரையிலிருந்து அச்சடித்த இரண்டு வரி;
பெயர் எழுதவேண்டிய கோடு
வெறும் கோடாகவே இருந்தது.
எரித்துவிடலாம் என்றால்
வீட்டில் கேஸ் அடுப்பு.

அப்புறம்தான் அந்த வேலையைச் செய்தேன்.
நாற்பதாம் பக்கத்துக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில்
கொடுவாச் செதில் ஒன்று,
கழுவிக் காயவைத்தது, கட்டைவிரல் நகம் அளவு.
சென்னைக்குப் போய்ச் செதிலோடு வந்தது.
கோவைக்குப் போய்ச் செதிலோடு வந்தது,
'ஆழ்ந்து வாசித்தோம்' என்ற கடிதமும் கூட.
சிரித்தேன் என்று எழுத ஆசை.
சிரிக்கவில்லை.
அந்த வாரம் பேனாவைத் தொடவில்லை.
அடுத்த வாரமும்.

ஐப்பசி மழையில்
கூரியர் பையன் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த கவர்.
அதே 'பொருந்தவில்லை'.
பிரித்தேன். நாற்பது. நாற்பத்தொன்று.
செதில் இல்லை.
கவரைக் கவிழ்த்துத் தட்டினேன். இல்லை.

யாரோ ஒருவர், எந்த ஊரிலோ,
மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து
நாற்பதைத் தாண்டியிருக்கிறார்.
மடியில் விழுந்ததை விரலில் ஒட்டி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கலாம்.
கடைசிப் பக்கத்தின் கடைசி வரி ஓரத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அழித்தும் முழுக்க அழியாமல்.

வரி இது:
'அன்றிரவு அவன் நல்ல உடல்நிலையில் கடலுக்குச் சென்றான்.'

பதினொரு மனுவிலும் இருக்கும் வரி.
சீக்காளியை அனுப்பிய வீட்டுக்கு
நிவாரணம் கிடைக்காது என்றார்கள்,
அதற்காக எழுதினது.
எழுதி எழுதி
எனக்கே நிஜமாகிக்கொண்டிருந்தது.

இன்று பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
படகு இல்லை, ஐஸ் கேட்க ஆள் இல்லை.
முதலாளியும் வரவில்லை.
சாக்கு என்று ஒன்றும் மிச்சமில்லை.
பில் கட்டைக் கவிழ்த்து வைத்து
மேலே 62 என்று போட்டேன்.

அவனுக்குக் காய்ச்சல்.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது.
பத்தொன்பது வயது.
என்ஜின் கடன் தவணை திங்கட்கிழமை.
'ஒரு நாள்தானே, போயிட்டு வந்துரு.'
நான்தான் சொன்னேன்.

இவ்வளவு எழுத
காலையில் உட்கார்ந்தவளுக்கு விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

மழை விட்டு மீன் வந்ததும்
கொடுவா அறுப்பவளிடம்
ஒரு செதில் கேட்டு வாங்க வேண்டும்.